கிணற்றுக்குள் இறங்கிய வயர்

உருத்திரபுரத்தில் வாய்க்கால் பூட்டி, வயலுக்கு வரும் தண்ணீர் நின்று மூன்று கிழமை. எங்கள் கிணறு இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன்: வேலிக்கு அங்கால், மலையகத்திலிருந்து வந்து நெடுங்காலமாக மிளகாய் செய்யும் அக்காவின் தோட்டத்துக்கு. நாளுக்கு இரண்டு தடவை அவரின் மோட்டர் உறுமும். ஒவ்வொரு உறுமலும் என் தொண்டையிலிருந்தே உறிஞ்சுவதாகப் பட்டது.

நான் தொழிற்பயிற்சி நிலையமொன்றில் மின்னியல் படிப்பிப்பவன். அங்கிருந்து அளவெடுக்கும் சின்னப் பெட்டி ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். ஒரு பக்கத்து வயர் கிணற்றுக்குள். அதன் நுனியில் நீர்மட்டத்தை உணரும் சென்சர். மறுபக்கத்து யூ.எஸ்.பி. வயர், எந்நேரமும் சார்ஜரில் நிற்கும் லப்டொப்புக்கு. நிமிடத்துக்கு ஒரு புள்ளி. புள்ளிகள் சேர்ந்து திரையில் ஒரு கோடு.

அக்கா வேலியால் எட்டிப் பார்த்தார்.

“என்ன மாஸ்டர், கிணத்துக்கு சேலைன் ஏத்துறீங்களா?”

“சும்மா அக்கா, நிலையத்து வேலை.”

காலையில் மோட்டர் உறுமியது. கோடு சட்டென்று விழுந்தது. மோட்டர் நின்ற நொடியே கோடு எழும்பியது. பின்னேரமும் அப்படியே. நொடியில் ஊறுகிற கிணறு எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்க விரும்பவில்லை. மூன்று நாள் கோட்டையும் பிரிண்ட் எடுத்துச் சேர்ட் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஞாயிற்றுக்கிழமை, ஊர் விவசாயிகள் தண்ணீர்ப் பங்கைப் பேசித் தீர்க்கும் கமக்காரர் அமைப்புக் கூட்டம். அங்கே அந்தக் காகிதத்தை விரித்தால் அவரின் மோட்டரை நிறுத்திவிடுவார்கள். அவரின் மிளகாய் பூத்திருந்தது. அதுவும் எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை, கிரைண்டர் போடுவதற்காக என் மனைவி லப்டொப் சார்ஜரைக் கழற்றிவிட்டாள்.

“இருக்கிறதே ஒரு பிளக். கொஞ்ச நேரத்துக்குள்ள கிணறு ஓடியே போகப்போகுது?”

லப்டொப் பற்றரியில் ஓடியது. பின்னேரம் மோட்டர் உறுமியது. கோடு அசையவில்லை.

சார்ஜரைக் குத்தினேன், கோடு விழுந்தது. கழற்றினேன், எழும்பியது. இரண்டு வீட்டுக்கும் ஒரே கம்பத்திலிருந்துதான் கரண்ட். அவரின் மோட்டர் ஓடும்போது எழுந்த மின்குழப்பம் சார்ஜர் வழியாகப் பெட்டிக்குள் புகுந்து, தண்ணீர் போல வேசம் போட்டிருக்கிறது. உண்மையான கோடு, மோட்டர் ஓடினாலும் நின்றாலும், ஒரே சீராக மெல்லச் சரிந்துகொண்டிருந்தது.

“வாய்க்கால் பூட்டினா கிணறு இறங்கும் எண்டு நான் அண்டைக்கே சொன்னனான்,” என்றாள் மனைவி. “நான் சொன்னா உங்களுக்கு ஏறாது. பெட்டி சொல்லோணும்.”

காகிதத்தோடு வேலிக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கோட்டை நெடுநேரம் பார்த்தார்.

“அப்ப நாளைக்கு என் மோட்டர நிப்பாட்ட இருந்தீங்க.”

“ஓம் அக்கா.”

காகிதத்தைத் திருப்பித் தரவில்லை. நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

“அந்தப் பெட்டிய ஒரு கிழமைக்கு என் கிணத்துலயும் போட்டு வைங்க மாஸ்டர். என் தண்ணியுந்தான் எறங்குது.”

சொல்லும்போது அவர் கண்கள் என் மோட்டர் கொட்டிலில் நின்றன.

“போடுறன் அக்கா. சார்ஜரைக் கழட்டிப்போட்டுத்தான் போடுவன்.”

“நீங்க பெட்டிய மட்டும் தாங்க,” என்றார். “கழட்டுறதையும் குத்துறதையும் நான் பாத்துக்கிறேன்.”