மணல்மேட்டில் நான் எடுத்த களை

காலை ஐந்தரைக்குப் புத்தலப்பட்டில் திருப்பதி பஸ் ஏறினேன். டிக்கெட் முப்பது ரூபாய். தூரம் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். மடியில் ஒரு பை வேர்க்கடலை, கையில் செல்போன். மூன்று நாளாகத் தங்கச்சி செல்வியின் நம்பர் கிடைக்கவில்லை. அவள் இருக்கிற வாகாடு பக்கக் கடற்கரையில் புயல் என்று டிவியில் சொன்னதோடு சரி, அப்புறம் ஒரு தகவலும் இல்லை.

செல்வி தடா பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனவள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பெங்களூர், சென்னை என்று கிளம்பிப் போன காலம் அது. போன இடத்தில் மீனவர் வீட்டுப் பிள்ளை போலய்யாவைக் கட்டிக்கொண்டு கடலோரத்திலேயே தங்கிவிட்டாள். அவர்கள் வீட்டிலும் தமிழ்தான் பேச்சு என்றதும் நைனா சமாதானமாகிவிட்டார்.

எனக்குக் கவலை புயல் மட்டுமில்லை. இரண்டு வருடம் முன்பு அவள் வீட்டுக்கு முதல்முறை போயிருந்தேன். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே உள்ள மணல்மேடு முழுக்க ஏதோ கொடி படர்ந்து கிடந்தது. என் கை சும்மா இருக்குமா? கொல்லையில் களை கிடந்தால் ஊரே சிரிக்கும் என்று வளர்ந்தவன் நான். மத்தியானத்துக்குள் அத்தனையையும் பிடுங்கி மூலையில் குவித்துவிட்டேன். செல்வி மோர் கொண்டுவந்து கொடுத்து, “ஜோரா கீதுணா” என்றாள். சாயங்கால பஸ்ஸில் பெருமையாக ஊர் திரும்பினேன். அதற்கப்புறம் அங்கே போக வாய்க்கவில்லை.

போன மாதம் எங்கள் ஊர் டீக்கடையில், கடலோரச் சவுக்குத் தோப்பில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: “அடம்பங்கொடியப் புடுங்கிட்டா மணலு நிக்காதுப்பா. மேடு போச்சுனா வூடும் போச்சு.” இலை, பூ என்று விசாரித்தேன். நான் பிடுங்கியது அதே கொடிதான். செல்வியிடம் கேட்கவும் வாய் வரவில்லை.

ஏழேகாலுக்குத் திருப்பதி. அங்கிருந்து காளஹஸ்தி வழியாக நாயுடுப்பேட்டைக்கு நாற்பது ரூபாய். நாயுடுப்பேட்டையில் இட்லி வாங்கி ஒன்றைத் தின்றதும் மீதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். வாகாடு பஸ்ஸில் கடற்கரை வரை வண்டி போகுமா என்று கேட்டேன். “வாகாடு தாக்கா ஓகே சார். அவதல ஆட்டோ சூஸ்கோண்டி” என்றார் கண்டக்டர். வாகாடு வரைதான் பஸ், அதற்கப்பால் நானே ஆட்டோ பார்த்துக்கொள்ள வேண்டும்.

பதினொன்றேகாலுக்கு ஆட்டோ. ஆளுக்கு இருபது ரூபாய். வழியெல்லாம் சாய்ந்த மரங்கள், தண்ணீர் நின்ற வயல்கள். டிரைவருக்குத் தமிழ் நன்றாக வந்தது.

“கடலோர வரிசை வூடா சார்?”

“ஆமாம்பா. இன்னா ஆச்சி அங்க?”

“தெரியல சார். இன்னிக்கித்தான் ரோட்டுல வண்டி உடறாங்க. பக்கத்துக் குப்பத்துல நாலு வூடு போச்சின்னாங்க.”

வேர்க்கடலைப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஆட்டோ திரும்பியதும் முதலில் தெரிந்தது நீலச் சுண்ணாம்பு அடித்த சுவர். அப்புறம் அதன்மேல் காய்ந்த பாய். அப்புறம் செல்வி. நான் இறங்கி நின்று அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், விக்கி விக்கி அழுதேன்.

“இன்னாணா இது, சின்னப் புள்ளையாட்டம்? டவர் விழுந்துடுச்சி, அதான் போன் இல்ல. துன்னியா இல்லியா?”

வீட்டின் பின்னால் மணல்மேடு அப்படியே இருந்தது. கடல் பக்கம் மட்டும் அலை அரித்திருந்தது. அரித்த இடத்தில் கொடியின் வேர்கள் தொங்கின. மேலே ஒரே பச்சை, நடுநடுவே ஊதாப் பூ. போலய்யா பக்கத்தில் வந்து நின்றார்.

“எங்கப்பா காலத்துல நல்ல தண்ணிக் கிணறு ஒண்ணு இருந்திச்சி மச்சான். இப்ப அது அலைக்குள்ள கீது. வடக்கால கல்லு கொட்னாங்க, அங்க கடலு நின்னுச்சி. அதுக்குப் பக்கத்து மணலத் துன்னுடுச்சி. நாங்க வூட்டுக்கு வூடு கீத்து வேலி போட்டு, மணலு சேர்ந்ததும் கொடி நடுவோம். மேட்டுல நேரா நடக்கக்கூட உடமாட்டோம், சாய்வாத்தான் வழி. நேரா சந்து கெடச்சா காத்து பூந்து மணல வாரிடும்.”

“மாப்ள, நான் அன்னிக்கி எல்லாத்தயும் புடுங்கிட்டனே!”

அவர் செல்வியைப் பார்த்தார். செல்வி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

“அன்னிக்கே நட்டுட்டோம்ணா. உன் பஸ்ஸு திரும்பற வரிக்கும் பல்லக் கடிச்சிக்கினு இருந்தோம். முதமுத வூட்டுக்கு வந்த அண்ணன், வேர்வ ஊத்த வேல செஞ்சிக்கினு இருந்தா, வேணாம்னா சொல்லுவாங்க? குப்பமே வந்து நட்டிச்சி.”

ஒரு மாதம் தூக்கம் கெட்டவன் நான். கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்புத்தான் வந்தது. அப்பாடா!

மத்தியானம் மீன் குழம்புச் சோறு சாப்பிட்டேன். பிறகு அலை அரித்த பக்கத்தில் நானே கொடி நடுவேன் என்று பிடிவாதமாக இறங்கினேன். கயிறு பிடித்து, வேர்க்கடலை விதைக்கிற மாதிரி, சாணுக்கு ஒன்றாக நேர்க்கோட்டில் நட்டேன். எங்கள் ஊரில் நேரான வரிசையும் சுத்தமான மண்ணும்தான் நல்ல நிலத்துக்கு அழகு.

நாலு மணிக்குக் கை கழுவினேன். புருஷனும் பெண்டாட்டியும் மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். செல்வி மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“ஜோரா கீதுணா” என்றாள்.

டம்ளரை வாயிலிருந்து எடுத்து அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கடலைப் பார்த்தாள். அந்தச் சாயங்காலம், கிடைத்த முதல் ஆட்டோவிலேயே ஏறிக்கொண்டேன். இருட்டுவதற்குள் அவர்களுக்கு வேலை இருந்தது.