ஆறு மொட்டையும் ஒரே மேஸ்திரியும்

தொழிலாளர் துறையில் இன்ஸ்பெக்டராக இருந்தபோது என்னை ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். செயற்கை நுண்ணறிவுக்கு அரசாங்கங்கள் போடும் கட்டுப்பாடுகள், சர்வதேச மனித உரிமைகள் என்று தலைப்பே ஒரு முழம் இருந்தது. இதைப் புதுச்சேரியில் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். வகுப்பு முடிந்து அலுவலகம் வந்த முதல் நாளே, லேசாக முடி முளைத்த ஆறு மொட்டைத் தலைகள் என் மேசை முன்னால் நின்றன.

ஆறு பேரும் பெண்கள், நகரத்தின் துப்புரவுப் பணியாளர்கள். கூடவே அவர்களுடைய மேஸ்திரி தட்சிணாமூர்த்தி. அவருக்கு இயற்கையிலேயே வழுக்கை.

"வேல போயிடுச்சு மேடம்," என்றார் மூலக்குளத்து அஞ்சலை.

நடந்தது இதுதான். துப்புரவு வேலையைப் புதுக் கம்பெனி எடுத்தபோது, பழைய ஆட்களை நிறுத்திவிடுவார்கள் என்று பேச்சு. வேலை நிலைத்தால் திருப்பதிக்கு வந்து முடி கொடுப்பதாக ஆறு பேரும் வேண்டிக்கொண்டார்கள். வேலை நிலைத்தது, முடியும் கொடுத்தார்கள். கம்பெனியிலோ போனில் உள்ள ஆப்பில் முகத்தைக் காட்டினால்தான் வருகை பதிவாகும். அந்த ஆப்புக்கு மொட்டையில் இவர்களை அடையாளம் தெரியவில்லை. ஆறு பேரையும் மேஸ்திரி என்றே பதிந்தது! தட்சிணாமூர்த்திக்கு ஒரே காலையில் ஏழு வருகை, இவர்களுக்கு ஆப்சென்ட். தொடர்ந்து ஆப்சென்ட் என்று அதுவே பெயரையும் நீக்கிவிட்டது. வேலைக்காகப் போட்ட மொட்டையே வேலைக்கு உலை வைத்துவிட்டது.

"ஆபீஸ்ல சொன்னேன் மேடம். மெஷின் பொய் சொல்லாது, நீதான் வராத ஆள வந்ததா சொல்றன்னு எம்மேலியே திருப்பிட்டாங்க," என்றார் மேஸ்திரி.

"மேனேஜர் உங்களைப் பாக்கவே இல்லியா?" என்று அஞ்சலையைக் கேட்டேன்.

"பாக்காம இன்னா மேடம்? ஊர்லேருந்து வந்ததும் பிரசாதம் குடுத்தேனே. 'அஞ்சல, மொட்ட உனக்கு நல்லாத்தான் கீது'ன்னு சிரிச்சிக்கினே லட்டு வாங்கிக்கினாரு."

எனக்கு வேறென்ன வேண்டும்? மத்தியானமே மேனேஜரை வரச் சொன்னேன். சின்ன வயசுக்காரர், வரும்போதே பதிலைத் தயாராக வைத்திருந்தார்.

"ஏஐ மேடம். சிஸ்டம் எடுத்த முடிவு. நாங்க தலையிட முடியாது."

"அஞ்சலை குடுத்த லட்டு நல்லா இருந்துச்சா தம்பி?"

"சூப்பர் மேடம். அன்னிக்கு டூட்டிக்கு வந்ததுமே குடுத்தாங்க..." என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். தட்சிணாமூர்த்தி இருமுவது போலச் சிரிப்பை மறைத்தார். நான் மறைக்கவில்லை.

"டூட்டிக்கு வந்தாங்கன்னு நீங்களே சொல்றீங்க. அன்னிக்கு ஏன் ஆப்சென்ட்?"

துப்புரவு வேலையை எடுத்தபோது கம்பெனி கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்திலேயே ஒரு நிபந்தனை உண்டு. இயந்திரத்தின் முடிவை மட்டும் வைத்து யாரையும் வேலையை விட்டு எடுக்கக் கூடாது. ஒரு மனிதர் அவரை நேரில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். வகுப்பில் படித்ததும் அதுதான். அந்த நிபந்தனையை அவருக்குப் படித்துக் காட்டினேன். அந்தப் பிள்ளையைச் சும்மா சொல்லக் கூடாது. என் எதிரிலேயே போன் போட்டு ஆறு பெயரையும் திரும்பச் சேர்க்கச் சொன்னார். விட்டுப்போன நாட்களுக்கும் சம்பளம் வந்தது. அறை முழுக்க ஒரே சிரிப்பு. என் உத்தியோகத்தில் அவ்வளவு சந்தோஷமான மத்தியானம் இன்னொன்று இல்லை.

கிளம்பும்போது அஞ்சலை தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இனிமே மொட்டைன்னு வேண்டிக்க மாட்டோம் மேடம். தேங்கா ஒடச்சிட்டுப் போயிடறோம். மெஷினுக்கு எதுக்குக் கஷ்டம்?"

இத்தனை வருஷ வேலையில் நான் கற்றதையெல்லாம் அவருக்குச் சொன்ன பதிலில் அடக்கிவிடலாம்.

"நீங்க மொட்டையே போடுங்க அஞ்சலை. கஷ்டப்பட்டு மெஷின் கத்துக்கட்டும்."