எங்கள் குழுவில் செயலி பகிர்வோர் கவனத்துக்கு

இணையக் குழுவுக்கு நிர்வாகியாய் இருப்பது, ஊரார் வீடுகளுக்கெல்லாம் ஒரே ஆளாய் வாசற்காவல் நிற்கிற வேலை. நீங்களும் அந்த வேலையில் இருந்தால் என் நெஞ்சிடி உங்களுக்குப் புரியும்.

படிப்பித்து ஓய்வுபெற்ற பின், ஊர்காவற்றுறையில் இருந்தபடி தீவார் குழுவொன்றை நடத்துகிறேன். பஞ்சாங்கம், தமிழ் விசைப்பலகை என்று பலரும் செயலிகளைப் பகிர்வார்கள். அதற்கு விதிகள் மூன்று: யார் செய்தது என்று சொல்லுங்கள், எதற்கென்று சொல்லுங்கள், முதலில் உங்கள் போனில் போட்டுப் பாருங்கள். மூன்றும் எழுவைதீவுப் பரமேஸ்வரி அக்காவை நினைத்து எழுதியவை. அவ இதய நோயாளி. இங்கே கிளினிக்குக்கு வரப் படகு நேரத்தைக் குழுவில்தான் பார்ப்பா. அவவின் பழைய போன் ஒரு கெட்ட கோப்பைத் தாங்காது.

பெயரில்லாத பொதி

ரொறன்ரோவிலிருந்து கனகர் அண்ணை ஒருநாள் ஒரு கோப்பைப் போட்டார். கூட ஒரு சொல் இல்லை. படகில் பொதி ஏற்றினாலே உள்ளே என்ன என்று கேட்கிற சனம் நாங்கள். "அண்ணை, இது என்ன?" என்று எழுதினேன். உடனே பதில் வந்தது.

"திறந்து பாத்தால் தெரியும்தானே, ரீச்சர்!"

நன்றி

அடுத்து வந்த பஞ்சாங்கச் செயலி, விதிப்படி முழு விவரத்தோடு வந்தது. என் நிம்மதி பத்து நிமிடம் நீடித்தது. பிறகு ஒவ்வொருவராய் நன்றி சொன்னார்கள், அதே கோப்பைத் திரும்பவும் இணைத்து. பரமேஸ்வரி அக்காவின் டேற்றா முடிந்து, இரண்டு நாள் குழுவில் அவவின் சத்தம் சிலமன் எதுவும் இல்லை. ஏன் கோப்பைத் திருப்பி அனுப்பினீர் என்று அனலைதீவு மனோவைக் கேட்டேன்.

"வெறுஞ்சட்டியை ஆரும் திருப்பிக் குடுப்பினமோ, ரீச்சர்?"

என் முறை

என்னிடம் படித்த ஒருத்தி, படகு நேரம் காட்டும் செயலியொன்று செய்தாள். பெருமையில் நான் போட்டுப் பார்க்காமலே பகிர்ந்தேன். பரமேஸ்வரி அக்காவுக்கு அதை இறக்க ஏலவில்லை. போனைத் துணிப்பையில் சுற்றிப் படகுக்காரரிடம் கொடுத்தனுப்பினா. நானே செயலியை ஏற்றித் திருப்பி அனுப்பினேன்.

கிளினிக் நாளன்று, காற்றுக் கடுமை என்று படகை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு எடுத்தார்கள். குழுவில் அறிவித்தேன். அவவோ செயலியை மட்டும் பார்த்திருக்கிறா. செயலிக்குக் காற்றுத் தெரியாது; பழைய நேரத்தையே காட்டியிருக்கிறது. இறங்குதுறையில் நின்று, வந்து இறங்கிய ஒவ்வொரு முகமாய்ப் பார்த்தேன். அவ இல்லை. போன் எடுத்தேன், மணி போகவில்லை. பார்க்கப் பார்க்கக் கடல் அகலித்துக்கொண்டே போனது.

மத்தியானம் அவவே எனக்குப் போன் எடுத்தா. மருந்துக் குளிசை இன்னும் ஒரு கிழமைக்கு இருக்கிறதாம். அடுத்த கிழமைக் கிளினிக்குக்கு வருவாவாம். நான் அழுதழுது மன்னிப்புக் கேட்டேன்.

"அது கிடக்கட்டும் ரீச்சர், நீங்கள் அதை முதல் உங்கட போனிலை போட்டுப் பாத்தனீங்களோ?"

இப்போது நான்காவது விதியும் உண்டு: நிர்வாகி பகிரும் எதையும் முதலில் பரமேஸ்வரி அக்கா பார்த்துச் சம்மதிக்க வேண்டும், அவவோ இன்றுவரை எதற்கும் சம்மதிக்கவில்லை.