என் குளியல் நேரத்து ரேடியோ

போன வருடம் ஐப்பசி மழையில், பாபநாசத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. அமெரிக்காவில் ஏதோ ஒரு மூலையில் ஒரு சின்ன ரேடியோ நிலையத்தை மூடினால் பாபநாசத்துக்காரிக்கு என்ன வந்தது என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத்தான் எல்லாம் போயிற்று என்று அன்றைக்கு நான் நினைத்தேன்.

என் கணவர் லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்த்தவர். அது பிழைப்பு. ஆசையெல்லாம் கிளாரினெட்டில். மாதா கோயில் தேர்பவனி என்றாலும் சரி, ஊரில் யார் வீட்டிலாவது சாவு என்றாலும் சரி, வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு பேண்டு செட்டோடு முன்வரிசையில் நடப்பார். மகளின் பிரசவத்துக்காக நாங்கள் இரண்டு பேரும் அமெரிக்கா போயிருந்தபோது, அவள் வீட்டுச் சமையலறை ரேடியோவில்தான் அந்த நிலையம் அவருக்கு அகப்பட்டது. பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்று நடத்தியது. நாள் முழுக்கப் பழைய காலத்து ஜாஸ்தான். டிரம்பெட் ஒரு பக்கம், டிரம் ஒரு பக்கம், நடுவில் கிளாரினெட். என் காதுக்கு அது வெறும் இரைச்சல். அவரோ குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, “நம்ம செட்டுதான்டி இது. என்ன, கொஞ்சம் ஊத்திக்கிட்டு வாசிக்கிறானுங்க” என்று சிரிப்பார்.

ஊருக்குத் திரும்பிய மறு வருடமே அவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. வலது கை, வலது கால் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. அன்றிலிருந்து என் பொழுது அவருடைய கட்டிலைச் சுற்றித்தான். கழுவ வேண்டும், துடைக்க வேண்டும், புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்ட வேண்டும். என்னைக் கூப்பிட அவரிடம் ஒரு எவர்சில்வர் டம்ளர் உண்டு. இடது கையால் கட்டில் கம்பியில் தட்டுவார். அடுப்பில் தாளித்துக்கொண்டிருந்தாலும் ஓட வேண்டும். ஓடிப்போய் நின்றால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. நான் இருக்கிறேனா என்று பார்ப்பார், அவ்வளவுதான். பார்த்தாயிற்றா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வருவேன். சில நாள் அந்த டம்ளரைத் தூக்கிக் குடமுருட்டி ஆற்றில் வீசிவிடலாமா என்று இருக்கும்.

மகள்தான் அந்த ரேடியோவைப் போனில் வரவழைத்துக் கொடுத்தாள். கட்டில் ஓரத்தில் வைக்க ஒரு குட்டி ஸ்பீக்கரும் அனுப்பினாள். அங்கே ராத்திரி ஒன்பது மணிக்கு, தொண்டை கரகரத்த ஒரு பெரியவர் வந்து ஒரு மணி நேரம் பேசிப் பேசிப் பாட்டுப் போடுவார். நமக்கு அப்போது காலை ஏழரை. அந்த ஒரு மணி நேரமும் டம்ளர் சத்தமே வராது. இடது கை விரல்கள் மட்டும் போர்வையின் மேல் ஏறி இறங்கும். கிளாரினெட்டில் மேல் பாதியை இடது கைதான் பிடிக்குமாம். மேல் பாதியை மட்டும் வாசித்துக்கொண்டு கிடப்பார்.

அந்த நேரத்தில்தான் நான் குளிப்பேன். தலைக்கு ஊற்றிக்கொள்வேன். பிறகு பின்கட்டில் உட்கார்ந்து சூடான காபியைச் சூடாகவே குடிப்பேன். நாளெல்லாம் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். குளிர்காலத்தில் அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள். இங்கே என் குளியல் எட்டரைக்குப் போய்விடும். உலகத்தில் வேறு யாருக்காவது அமெரிக்கக் கடிகாரத்தைப் பார்த்து வெந்நீர் போட வேண்டியிருக்குமா, தெரியவில்லை.

ஐப்பசி பிறந்து கொஞ்ச நாளில், ஒரு காலை, ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே டம்ளர் தடதடவென்று அடித்தது. போய்ப் பார்த்தால் அவர் கண்ணில் தண்ணீர். ஸ்பீக்கரையே காட்டிக் காட்டித் தட்டுகிறார். அந்தப் பெரியவரின் இங்கிலீஷ் எனக்குப் பாதிகூடப் புரியாது. மகளுக்குப் போன் போட்டேன்.

“காலேஜ்ல அந்த அலைவரிசையையே வித்துட்டாங்கம்மா. இந்த மாசக் கடைசியோட ரேடியோ நிக்கிதாம். கேக்குறவங்க எல்லாம் வயசானவங்க, ஒவ்வொருத்தரா போய்ச் சேந்துட்டாங்க. இங்க இந்த மாதிரி ஸ்டேஷன் நெறைய மூடிட்டாங்கம்மா.”

“அப்ப உங்கப்பாவுக்கு?”

“அதே பாட்டெல்லாம் நெட்ல இருக்கும்மா. நான் அனுப்புறேன்.”

அனுப்பினாள். அதே கிளாரினெட், அதே டிரம்பெட். முதல் பாட்டு முடிவதற்குள் டம்ளர் அடித்துவிட்டது. மறுநாளும் அப்படித்தான். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அவருக்குப் பாட்டு மட்டும் போதாது. இன்றைக்கு எங்கள் ஊரில் பனி கொட்டுகிறது, என் கார் கிளம்பவில்லை, தும்மிவிட்டேன் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு மனிதர் நடுநடுவே பேச வேண்டும். அந்தக் குரல் கேட்டால் அறையில் ஆள் இருக்கிற மாதிரி. ஆள் இருந்தால் என்னைத் தேட மாட்டார். அந்தக் கரகரத்த குரல் இவ்வளவு நாளும் எனக்குப் பதிலாகக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறது.

மகளிடம் எரிந்து விழுந்தேன். “உங்க ஊர்க்காரங்களுக்கு எதை விக்கணும்னே தெரியாதா? நான் எப்படி குளிக்கிறது, சொல்லு.” போனை வைத்துவிட்டு, சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஒரு குளியலுக்காக அழுகிற நிலைமை வந்துவிட்டதே என்று அதற்கும் சேர்த்து அழுதேன்.

அமெரிக்கக் கணக்கில் அந்த மாதக் கடைசி நாள் வந்தது. ராத்திரியெல்லாம் கொட்டிய மழை காலையில் விட்டிருந்தது. வழக்கம்போல ஏழரைக்கு ரேடியோவைப் போட்டுவிட்டு, இதுதான் கடைசி என்று நினைத்துக்கொண்டே குளிக்கப் போனேன். அன்றைக்கு வெந்நீரை இரண்டு வாளியாக வைத்துக்கொண்டேன்.

தலையில் பாதி சீயக்காய் இருக்கும்போது வெளியே பேண்டு சத்தம் பெரிதாகக் கேட்டது. மெதுவாக, இழுத்து இழுத்து, அடக்கத்துக்குப் போகும்போது வாசிப்பார்களே, அந்த நடை. கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு பெண் ‘ஐயோ’ என்று குரலெடுத்து அழுவது கேட்டது.

நான் குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து அவர் போய்விட்டார் என்று நினைத்தேன். இந்த ஒரு மணி நேரத்துக்காகக் கண்ணீர் விட்டேனே, அதுவே அவரைக் கொண்டுபோய்விட்டது என்று நினைத்தேன். ஒருபக்கம், ‘அப்பாடா’ என்று உள்ளே ஏதோ ஒன்று மூச்சு விட்டது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கிடைத்த புடவையைச் சுற்றிக்கொண்டு ஈரத்தலையோடு ஓடினேன்.

கூடத்தில் கூட்டம். அடுத்த வீட்டுப் பெண்தான் அழுதவள். என் விரித்த தலையைப் பார்த்ததும் இன்னும் சத்தமாக அழுதாள். எதிர்த்த மளிகைக்கடை பாய், கூத்தாநல்லூர்க்காரர், கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கைகட்டி நின்றிருந்தார்.

“எப்பக்கா ஆச்சு? ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதா?” என்றார்.

அதற்குள் பேண்டு செட் மாஸ்டர் சைக்கிளைப் படியில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். என் கணவரோடு வருடக் கணக்கில் டிரம்பெட் வாசித்தவர். அவருக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம்.

“அண்ணி, நாங்க என்ன செத்தா போயிட்டோம்? எங்க அண்ணனுக்கு வெளியூரு செட்டக் கூப்பிட்டிருக்கீங்க?”

நான் நேராக அறைக்குள் போனேன். அவர் கண்ணை அகல விழித்துக்கொண்டு படுத்திருந்தார். ஸ்பீக்கர் அவர் இடது கைக்கு அருகில், சத்தம் முழுக்க ஏற்றி இருந்தது. பின்னாலேயே நுழைந்த கூட்டத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். வாயில் விரலை வைத்துச் சத்தம் போடாதீர்கள் என்று சைகை காட்டினார். அடுத்த வீட்டுப் பெண்ணின் அழுகை பாதியில் நின்றது. நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நேரத்தில் மெது நடை முடிந்து டிரம் எகிற ஆரம்பித்தது. துள்ளிக்கொண்டு ஓடுகிற வாசிப்பு. சாவு வீட்டுக்கு வந்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாஸ்டர்தான் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் கணவர் தொண்டையிலிருந்தும் கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. அதைச் சிரிப்பு என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் மகள் கூப்பிட்டாள். எனக்குச் சொல்லாமல், முதல் நாளே அந்த நிலையத்துக்குப் போன் செய்து அப்பாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். பெரியவர் அன்றைய நிகழ்ச்சியில், இந்தியாவில் பாபநாசத்தில் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருக்கும் கிளாரினெட்காரருக்காக என்று சொல்லிவிட்டு அந்தப் பாட்டைப் போட்டாராம். ஊர்ப் பெயரைக் கடித்துத் துப்பினாராம். அப்படியும் இவருக்கு அடையாளம் தெரிந்து, சத்தத்தை ஏற்றியிருக்கிறார். அந்த நாட்டுத் தெற்குப் பக்கம் யாராவது இறந்தால் அப்படித்தான் வாசிப்பார்களாம். போகும்போது மெதுவாக, புதைத்துவிட்டுத் திரும்பும்போது துள்ளலாக. ரேடியோவுக்கு அந்தப் பெரியவர் செய்த அடக்கம் அது.

“இன்னொண்ணும்மா. நாளையிலேருந்து அந்தத் தாத்தா தன் வீட்லேருந்தே நெட்ல போடப் போறாராம். அங்க ரேடியோ பொட்டிக்குக் காத்துல வராது, அவ்ளோதான். உங்களுக்கு அதே மாதிரி வரும்.”

வந்தது. மறுநாள் ஏழரைக்கு அதே குரல். பின்னால் ஒரு நாய் குரைத்தது மட்டும்தான் புதிது. இவர் விரல்கள் போர்வையில் ஏறி இறங்கின. நான் குளிக்கப் போனேன். ரேடியோ சத்தம் கொஞ்சம் கூடினால், “அக்கா, அண்ணன் நல்லா இருக்காங்கள்ல?” என்று பாய் கடையிலிருந்தே குரல் கொடுப்பார். இன்றைக்கு வரைக்கும் கொடுக்கிறார்.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு வாரம் கழித்து மகள் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாள். அந்தப் பெரியவரால் இப்போது தன் காரில் போகும்போது தன் நிலையத்தையே கேட்க முடியவில்லையாம். ஊருக்கு வெளியே வயல்பக்கம் இருக்கிற வீடுகளில் நெட் எடுக்காதாம். அங்கிருந்து ஒரு அம்மாள் அவருக்குப் போன் செய்து, என் வீட்டுக்காரர் உங்கள் நிகழ்ச்சியைத் தவிர வேறு எதையும் கேட்க மாட்டாரே, இனி நான் என்ன செய்வேன் என்று அழுதாளாம்.

“அந்தம்மா வீட்டுக்காரருக்கு என்னவாம்?” என்றேன்.

“தெரியலம்மா. படுத்த படுக்கையா இருக்காருன்னு மட்டும் தாத்தா சொன்னாரு.”

எங்கள் பக்கம் ஆற்றில் தண்ணீர் விட்டால், தலைமடை வயல்கள் நிறைந்த பிறகுதான் கடைமடைக்கு வரும். வராமலும் போகும். இந்த ரேடியோ விஷயத்திலோ தலைமடையில் இருந்த அந்த அம்மாளின் வயல் காய்ந்து கிடக்க, கடல் தாண்டிக் கடைமடையில் இருக்கிற என் வீட்டில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. இதில் நான் செய்த தப்பு ஒன்றுமில்லை. செய்யக்கூடியதும் ஒன்றுமில்லை. ஆனாலும் தினமும் காலையில் குளியலறைக் கதவைச் சாத்தி முதல் சொம்பு வெந்நீரைத் தலையில் ஊற்றும்போது, முகம் தெரியாத அந்த அம்மாள் இப்போது எந்த நேரத்தில் குளிக்கிறாளோ என்ற நினைப்பு வந்துவிடுகிறது.