நாளுக்கு ஒருமுறைதான் இடிக்கும்

நாற்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்கு. பல்செட்டுக்காரரின் வண்டி நான்காவது முறையாக சர்வீஸ் நிலையத்துக்கு வந்த திங்கட்கிழமை, மீட்டரில் இருந்த கிலோமீட்டர் இது. ஐம்பதாயிரத்தைத் தொட்டால் உத்தரவாதம் முடிந்துவிடும். அதற்குள் கியர்பாக்ஸில் கோளாறு என்று நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் புதிதாக மாற்றித் தருவார்கள். எழுதாவிட்டால் அவர் பாடு.

பல்செட்டுக்காரர் என்பது எங்கள் தெரு வைத்த பெயர். மருத்துவர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துச் செயற்கைப் பல் செய்வது தொழில். வயது ஐம்பத்தெட்டு. மாடியறையில் தனியாக உட்கார்ந்து அரத்தால் பல்லை ராவுவார். முடியளவு மேடு இருந்தாலும் விரல் சொல்லிவிடும். ஆனால் அந்தப் பல் யார் வாயில் போய் உட்காருகிறது என்பது அவருக்குத் தெரியாது.

ஏழு பேர் உட்காரும் வண்டியை வாங்கியபோது வீட்டில் ஏழு பேர் இருந்தார்கள். வேலை மாறி மகன் குடும்பம் போனது. பிறகு மகள் குடும்பம் வெளிநாடு போனது. அங்கே பிறந்த இரட்டைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் என்று சொல்லிவிட்டு மனைவியும் போனார். இரண்டு வருடம் ஆகிறது.

கோளாறு இதுதான். காலையில் வண்டியைப் பின்னால் எடுத்துவிட்டு முன் கியருக்குத் தள்ளினால் மூன்று விநாடிக்கு எதுவும் நடக்காது. அப்புறம் பின்னாலிருந்து யாரோ மோதியதுபோல ஒரு இடி. ஒருமுறை இடித்துவிட்டால் அன்று முழுக்கப் பசுமாடு. விடுமுறைக்குப் பேரக்குழந்தைகளோடு மகள் வருவதாக இருந்தது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தெருமுனையில் திருப்பும்போது, அந்த மூன்று விநாடியில் ஒரு லாரி வந்தால் என்ன ஆகும்?

முதல் மூன்று முறையும் சூப்பர்வைசர் ஓட்டிப் பார்த்து ஒரே வரியைத்தான் எழுதினார்: குறை தென்படவில்லை. வீட்டிலிருந்து ஓட்டி வரும் வண்டி ஏற்கெனவே இடித்து முடித்திருக்கும் என்று இவர் சொல்லிப் பார்த்தார். வண்டிக்கு ஒன்றும் இல்லை, தனியாக இருப்பவர்களுக்குச் சின்னச் சத்தமும் பெரிதாகக் கேட்கும் என்று பதில் வந்தது. மனைவியோ, ஒரு ஆளுக்கு ஏழு சீட்டு எதற்கு, விற்றுத் தொலையுங்கள் என்று தொலைபேசியில் முடித்துவிட்டார்.

நான்காவது முறை வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு சூப்பர்வைசர் ஓட்டினார். பசுமாடு.

புதன்கிழமை முதல் பேருந்தைப் பிடித்து ஆறு மணிக்கே போய் நின்றார். கூட்டுகிறவர்கள் வருவதற்குள் கொட்டகையைக் காலி செய்ய வேண்டும் என்பது அந்த நிலையத்தின் வழக்கம். காவலாளி ஒவ்வொரு வண்டியாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்.

"அந்த வெள்ளை வண்டி உங்களுதா சார்? அது வண்டியா, ஆட்டுக்கடாவா? ரெண்டு நாளா காலைல என்னை முட்டுது."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரு கேட்டா? நான் வாச்மேன் சார்."

அந்த இடியை இன்னொரு மனிதர் உணர்ந்தது இதுவே முதல் முறை. காவலாளி போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் பல்செட்டுக்காரர் ஒன்பது மணி வரை உட்கார்ந்திருந்தார். வண்டியைப் பற்றிப் பத்து நிமிடம்கூடப் பேசவில்லை. காவலாளி தன் கடைவாய்ப் பல்லைத் திறந்து காட்ட, இவர் கைப்பேசி விளக்கைப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். வேலைக்காக உயிருள்ள ஒரு வாயைப் பார்த்துப் பல வருடம் ஆயிற்று என்று பிறகு என்னிடம் சொன்னார்.

காவலாளி சொன்னதைக் கேட்ட சூப்பர்வைசர், நாளைக்கு அந்த வண்டியை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். வியாழன் காலை ஆறு மணிக்கு, தூக்கம் கலையாத முகத்தோடும் கையில் டீயோடும் அவரே ஏறி உட்கார்ந்தார். பின்னால் எடுத்தார். முன் கியர் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. டீ சட்டையில் இருந்தது.

"எழுதிடுறேன் சார்," என்றார் சூப்பர்வைசர்.

அன்று மாலை பல்செட்டுக்காரர் மனைவியை அழைத்து விஷயத்தைச் சொன்னார். நல்லது என்றார் மனைவி. மகளுக்கு லீவு கிடைக்கவில்லையாம். பயணம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் போய்விட்டது.

புது கியர்பாக்ஸ் இருபத்தோராம் தேதி வருகிறது. மாட்ட இரண்டு நாள் ஆகும்.