விடு என்று சொன்ன மேனேஜர்

ஜெயசீலனைப் பற்றி யாராவது நாலு வார்த்தை எழுதிவைக்க வேண்டும். என்னை விட்டால் அவனுக்கு ஆளில்லை. எனக்கும் அவன்மேல் இருக்கும் கோபம் இன்னும் தீரவில்லை.

புனே பக்கம் போபோடியில் எங்கள் நியூ ஸ்டார் ஃபுட்பால் கிளப்பில் அவன் டிஃபென்ஸ், நான் கோல்கீப்பர். 1990 முதல் ஏழு வருடம் அவன் முதுகைப் பார்த்தபடியேதான் ஆடினேன். சந்தில் எருமை குறுக்கே நின்ற மாதிரி நிற்பான், ஒருத்தனும் தாண்ட முடியாது. எங்கள் பதினொரு பேரின் அப்பாக்களும் ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து கட்கி ஃபாக்டரி வேலைக்கு வந்தவர்கள். அதனால் மைதானத்தில் தமிழில்தான் கத்துவோம். எதிராளிக்கு ஒரு எழுத்தும் புரியாது. நான் "விடு!" என்றால், பந்தைத் தொடாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் விலகுவான். அப்படி ஒரு நம்பிக்கை என் பெண்டாட்டிக்குக்கூட என்மேல் இருந்ததில்லை.

97-ல் அவன் முட்டி போயிற்று. ஆபரேஷன் செய்தும் ஓட முடியவில்லை. 2000-ல் நானும் ஆட்டத்தை விட்டேன்; அவனையே மேனேஜராகப் போட்டு, நான் கூடவே இருந்தேன். ஷிப்ட் முடிந்ததும் நேரே மைதானம்தான். "பந்தையே கட்டியிருக்கலாம்" என்பாள் அவன் மனைவி எஸ்தர்.

புதுப் பையன்களும் தமிழ் வீட்டுப் பிள்ளைகள்தான். ஆனால் ஸ்கூலில் இந்தி, தெருவில் மராத்தி. அவர்களிடமும் ஜெயசீலன் தமிழில்தான் பேசினான். "அதான்டா நம்ம ரகசியம்" என்பான். மேட்சுக்கு முன்னால் அரை மணி நேரம் பேச்சு, ஆட்டம் முழுக்கக் கோட்டோரம் நின்று கத்தல். பையன்கள் "சரி அங்கிள்" என்பார்கள். 2003-ல் முதல் டிவிஷனுக்கு ஏறினோம். "பன்னெண்டாவது ஆளு என் வாய்தான்" என்று அவன் பீற்றிக்கொண்டான். நானும் ஒத்து ஊதினேன்.

2006-ல் கடைசி மேட்ச். டிரா செய்தால் முதல் டிவிஷனில் நிற்போம், தோற்றால் இறங்கிவிடுவோம். இறங்கினால் பயிற்சிக்கு மைதானம் தர மாட்டேன் என்று இடத்துக்காரர் முன்பே சொல்லிவிட்டார். மைதானம் போனால் கிளப்பும் போச்சு.

முடிய ஐந்து நிமிடம் இருந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. எதிர் டீம் உதைத்த பந்து உயரமாக வந்து எங்கள் கோலுக்கு முன்னால் குத்தி எழும்பியது. எங்கள் கீப்பர் பையன் அதைப் பிடிக்க ஓடி வந்துவிட்டான். டிஃபென்ஸில் கேஷவ் மட்டும் குறுக்கே நின்றான்.

"விடுடா! கேஷவ், விடுடா!" என்று ஜெயசீலன் தொண்டை கிழியக் கத்தினான்.

கேஷவ் முழு பலத்தோடு உதைத்தான். பந்து ஷூவின் ஓரத்தில் பட்டு, கீப்பர் தலைக்கு மேலே போய் எங்கள் வலையிலேயே விழுந்தது.

தோற்றோம். டிரெஸ்ஸிங் ரூமில் கேஷவ் தேம்பித் தேம்பி அழுதான். "நீங்கதானே விடுன்னு சொன்னீங்க அங்கிள். மம்மி 'ஒண்ணு விட்டேன்னா பாரு'ன்னு சொல்லும்ல, அதான்... ஸோர் ஸே மார்னேகோ, ஓங்கி அடிக்கச் சொல்றீங்கன்னு நினைச்சேன்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சிரிப்பு வந்தது. ஜெயசீலன் சிரிக்கவில்லை. மற்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான்.

"ஏன்டா, நான் பேசுறது உங்களுக்குப் புரியுமா, புரியாதா?"

கடைசியில் கீப்பர்தான் சொன்னான்: "தோடா தோடா, கொஞ்சம் கொஞ்சம் புரியும் அங்கிள். நீங்க வேகமா பேசுவீங்க. உங்க மனசு கஷ்டப்படும்னு சரி சொல்லுவோம்."

"அப்போ ஜெயிச்சதெல்லாம்?"

"அது... நீங்க பேசிட்டு அந்தப் பக்கம் போனப்புறம் நாங்களே இந்தில பேசி முடிவு பண்ணிக்குவோம்."

அந்தப் பிள்ளை உண்மையைத்தான் சொன்னது. பொய் சொல்லத் தெரியாத பிள்ளையைப் பெற்றவர்களை நான் அன்றைக்கு மனதாரச் சபித்தேன். முட்டி போனபோதுகூட ஜெயசீலன் முகம் அப்படி ஆனதில்லை.

கிளப் கலைந்தது. பையன்கள் வேறு டீம்களுக்குப் போய் நன்றாகவே ஆடினார்கள். வா, ஒரு மேட்ச் பார்க்கலாம் என்று இரண்டு முறை கூப்பிட்டேன், அவன் வரவில்லை; அந்தக் கோபம்தான் எனக்கு. மூன்றாம் முறை வீட்டுக்கே போனேன். ஜெயசீலன் உள்ளே படுத்திருந்தான். எஸ்தர் வாசலிலேயே என்னை நிறுத்தி மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணா, இப்பல்லாம் அவரு என்கிட்ட இந்திலதான் பேசுறாரு. தண்ணி வேணும்னாலும் இந்திதான். சொல்லிட்டு, 'சமஜ் மே ஆயா?'ன்னு, புரிஞ்சுதான்னு வேற கேக்குறாரு."