கோமதியைக் கொன்றவருக்குப் பொன்னாடை

ஒரு பெரிய தாள். அதன் இடது பாதியில், செத்துப்போன மனைவியை மடியில் கிடத்திக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். வலது பாதியில் அதே ஆள் வேறொரு பெண்ணோடு வானத்தில் பறக்கிறான். இரண்டுக்கும் நடுவில் வெட்டுவதற்கான கோடு, அவ்வளவுதான். பம்மலில் என் அச்சகத்தில், என் சொந்த மெஷினிலிருந்து மை காயாமல் வெளியே வந்த முதல் தாள் அது. எத்தனையோ கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் அடித்துத் தள்ளியவன் நான். ஒரு தாளைப் பார்த்து வயிறு எரிந்தது அன்றைக்கு மட்டும்தான். இன்னும் எரிகிறது.

நான் ஆறாவது தாண்டாதவன். குரோம்பேட்டையில் ஒரு சின்ன அச்சகத்துக்கு எழுத்து கோக்கப் போய், ஈய எழுத்துகளை இடம் வலம் மாற்றிப் படித்தே தமிழ் கற்றுக்கொண்டேன். பிறகு எவன் தயவும் இல்லாமல் பம்மலில் இடம் பிடித்தேன், மெஷின் போட்டேன், நாலு குடும்பத்துக்குச் சம்பளம் கொடுத்தேன். பட்டம் வாங்கியவர்கள் எழுதியதை எல்லாம் ஊர் படிப்பதற்கு முன்னால் படித்தவன் நான். அதனால் கதை எது, அளப்பு எது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

மாதாமாதம் ஒரு படக்கதைப் புத்தகம் என்னிடம் அச்சுக்கு வரும். நாயகன் பேர் பருந்துவேலன். பகலில் மின்கம்பம் ஏறும் லைன்மேன். ஊருக்கு ஆபத்து என்றால் சிறகு விரித்துப் பறப்பான். அவன் மனைவி கோமதி. கதை எழுதுபவரும் புத்தகம் போடுபவரும் ஒருவரே. அவரைக் கதாசிரியர் என்று சொல்லிவிடுகிறேன், அந்த மரியாதை போதும். படம் வரைபவர் அனகாபுத்தூர்க்காரர், அவரை நாங்கள் ஓவியர் என்றுதான் கூப்பிடுவோம். கதாசிரியர் கோமதிக்கு எழுதிய வசனமே, "ஜாக்கிரதையாப் போயிட்டு வாங்க" என்பதுதான். பாவம், வேறு எதுவும் பேச விடமாட்டார். அவளுக்கு மூக்கும் முழியும் வைத்து மனுஷியாக்கியவர் ஓவியர். வைத்தது தன் சொந்த மனைவியின் முகத்தை.

அந்த அம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். ஓவியருக்கு வேலை முடியாத நாளில், வரைந்து முடித்த படங்களை மட்டும் சுருட்டி எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் அவர்தான் வருவார். அச்சடித்துக் காயப் போட்டிருக்கும் தாளை எடுத்துப் பார்த்து, "இன்னாண்ணா, என் மூக்கு இம்மாம் பெருசாவா கீது?" என்று என்னிடம் வம்புக்கு நிற்பார். பருந்துவேலனை அவருக்குப் பிடிக்காது. "ஊரையே பறந்து பறந்து காப்பாத்துறாரு, வூட்ல கேஸ் தீந்து ரெண்டு நாளாச்சே, அத்தப் பாத்தாரா?" என்பார். மெஷின் சத்தத்தையும் மீறி என் ஆட்கள் சிரிப்பார்கள். கதாசிரியர் எழுதிய மொத்தப் புத்தகத்திலும் அப்படி ஒரு வசனம் கிடையாது.

ஒரு காய்ச்சலில் அந்த அம்மா போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து ஓவியர் மறுபடி அச்சகத்துக்கு வந்தபோது அவர் கையில் வாழையிலையில் கட்டிய மல்லிகை இருந்தது. பம்மல் பஸ் ஸ்டாப்பில் இருக்கும் பூக்காரம்மா வழக்கம்போல எடுத்துக் கொடுத்திருக்கிறார். இவரும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். "அவ இல்லன்னு பூக்காரம்மாகிட்ட சொல்ல வாய் வரலண்ணா," என்று என் மேசை ஓரத்தில் வைத்தார். அடுத்த தடவையும் வைத்தார். அதற்கடுத்த தடவையும். நான் எடுத்துக்கொண்டு போய் என் வீட்டில் கொடுக்கவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. துக்கம் என்றால் எனக்கு இன்றைக்கும் அந்தப் பூப் பொட்டலம்தான். மழையில் நனைந்துகொண்டு, சமாதி முன்னால் முஷ்டியை மடக்கிக்கொண்டு நிற்பதெல்லாம் இல்லை. ஒரு பூக்காரியிடம் வேண்டாம் என்று சொல்ல முடியாமல் போவது.

அப்படி ஒரு பூ என் மேசையில் இருந்த நாளில்தான் கதாசிரியர் வந்தார். துக்கம் விசாரித்தார். தோளில் கை வைத்தார். பிறகு பையிலிருந்து அடுத்த கதையை எடுத்து ஓவியர் கையில் கொடுத்தார். வில்லன் தண்ணீர்த் தொட்டி மேலிருந்து கோமதியைத் தள்ளிக் கொன்றுவிடுகிறான். ஓவியர் நின்றபடியே படித்தார். கதாசிரியர் சொன்ன வார்த்தையை நான் மறக்கவே மாட்டேன்.

"இப்ப வரைஞ்சா உங்களுக்கு அந்த ஃபீலிங் நல்லா வரும் ஓவியரே."

ஓவியர் கதையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். கதாசிரியர் அதோடு விட்டாரா? கலர் அட்டை இரண்டு மாதத்துக்கும் சேர்த்து ஒரே தாளில் அடித்து வெட்டிக்கொள்வது எங்கள் வழக்கம். தாள் மிச்சமாகும், மெஷினை ஒரு தடவை ஓட்டினால் போதும். அதனால் அடுத்த மாத அட்டையையும் சேர்த்தே கொடுத்துவிடச் சொன்னார். அதில் பருந்துவேலனுக்குப் புதுக் காதலி. கோமதி சாவதற்கு முன்னாலேயே அவள் இடத்துக்கு ஆள் போட்டாயிற்று. தன் மனைவி முகத்தைப் பிணமாகவும், அந்தப் பிணத்தின் புருஷனைப் புது மாப்பிள்ளையாகவும் ஒரே வாரத்தில் ஒரு மனுஷன் வரைய வேண்டும்.

வரைந்தார். மெஷினில் முதல் தாள் வந்ததும் கதாசிரியர் பார்த்துச் சரி சொன்னால்தான் மீதியை ஓட்டுவோம். அன்றைக்கு ஓவியரும் வந்து வெட்டும் மெஷின் பக்கம் நின்றிருந்தார். இடது பாதியைப் பார்த்துக் கதாசிரியர் பிரமாதம் என்றார். வலது பாதியைப் பார்த்ததும் முகம் மாறியது. புதுப் பெண் சிரித்துக்கொண்டு பறக்கிறாள். பக்கத்தில் பறக்கும் பருந்துவேலன் முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறான். முகமே இல்லை.

அட்டையில் முகம் இல்லாமல் புத்தகம் எப்படி விற்கும் என்று கேட்டார். பையிலிருந்து ஒரு பழைய இதழை எடுத்து, அதில் பருந்துவேலன் பல் தெரியச் சிரிக்கும் படத்தைக் காட்டி, இதை வெட்டி ஒட்டி அச்சுக்குப் புதிதாகப் பாசிட்டிவ் ஃபிலிம் எடுத்துவிடுங்கள் என்றார். நான் கேட்டேன்:

"பொண்டாட்டி செத்து ஒரு மாசம் ஆவல. இன்னாத்துக்கு சார் சிரிக்கிறான் உங்க ஆளு?"

"அவன் ஹீரோண்ணா. அழுதுட்டு உட்கார்ந்தா அடுத்த மாசம் எவன் வாங்குவான்?"

"அப்ப அவள ஏன்யா சாவடிச்ச?"

"அவனுக்குக் கோவம் வரணும்ல?"

இவ்வளவுதான் ஐயா இவர்கள் தொழில் ரகசியம். ஆம்பளைக்குக் கோபம் வர ஒரு பொம்பளை சாக வேண்டும். அதற்காகவே அவளைக் கட்டி வைப்பார்கள், சமைக்க வைப்பார்கள், வாசலில் நின்று கையாட்ட வைப்பார்கள். வெளிநாட்டுக்காரனும் லேசுப்பட்டவனில்லை. என் மகள் வீட்டு அலமாரி நிறைய வழவழப்பான இங்கிலீஷ் படக்கதைகள் இருக்கின்றன. எனக்கு இங்கிலீஷ் வராது, படம் பார்க்கத் தெரியும். ஒரு பக்கத்தில் அவள் சாகிறாள், மறுபக்கத்தில் மழை, அதற்கடுத்த பக்கத்தில் உதை. துக்கத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குவார்கள். விளம்பரம் கிடைத்தால் அதுவும் அரைப் பக்கமாகிவிடும். விற்பனை படுத்தால் செத்தவளையே எழுப்பிக் கொண்டுவருவார்கள், இன்னொரு தடவை கொல்வதற்கு. பெண்டாட்டி போன ஒருத்தன் அதைப் படித்தால் என்ன ஆவான் என்று இவர்களில் ஒருத்தனாவது நினைத்திருப்பானா?

நான் மெஷினை நிறுத்தினேன். இது என் மெஷின், இதில் அந்தச் சிரிப்பு ஓடாது, வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். மாதாமாதம் வந்த வேலை அது. போகட்டும் என்று விட்டேன், வேறு எந்த அச்சகக்காரன் விடுவான்? கதாசிரியர் மூலப் படங்களைச் சுருட்டிக்கொண்டு போனார். வேறொரு இடத்தில் அடித்து அட்டை வெளியே வந்தது. முதுகைக் காட்டிப் பறப்பவன் தோள்மேல், நம்மைப் பார்த்துச் சிரிக்கும் முகம். கோழியின் கழுத்தைத் திருகி வைத்த மாதிரி இருந்தது. ஒரு வாசகர்கூடக் கவனிக்கவில்லை. ஓவியர் அதற்குப் பிறகு படக்கதை வரையவில்லை. பள்ளிப் புத்தகங்களுக்கு இலையும் தவளையும் வரைந்து பிழைத்தார். இப்போது ஊரப்பாக்கத்தில் மகளோடு இருக்கிறார்.

போன மாதம் தாம்பரத்தில் ஒரு மண்டபத்தில் பருந்துவேலன் கதைகளைக் கெட்டி அட்டை போட்டுத் தொகுப்பாக வெளியிட்டார்கள். பழைய அச்சகக்காரர் என்று என்னையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ஓவியருக்கும் அழைப்பு போயிருக்கிறது, அவர் வரவில்லை. மண்டபம் நிறையச் சின்னப் பிள்ளைகள், பனியனில் பருந்து. மேடையில் கதாசிரியருக்குப் பொன்னாடை போர்த்தி நாலு பேர் பேசினார்கள். நாயகனின் இழப்பு, நாயகனின் வலி, நாயகனின் தனிமை. கடைசியில் கதாசிரியர் எழுந்து, அந்தக் கதையை எழுதும்போது தான் தேம்பித் தேம்பி அழுததாகச் சொன்னார்.

நான் எழுந்துபோய் மைக்கைப் பிடுங்கினேன். "கோமதின்னு ஒருத்தி இருந்தா. அவ மூஞ்சி யார் மூஞ்சின்னு இவரு சொல்லட்டும். எழுதும்போது அழுதாராமே, புதுப் பொண்ணுக்கு அட்டை போடச் சொன்னது அழறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். விசில்கூட வந்தது. நிகழ்ச்சியில் இதுவும் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். கதாசிரியர் என்னை அப்படியே கட்டிப் பிடித்துக்கொண்டு, "பாத்தீங்களா, இத்தனை வருஷம் கழிச்சும் எங்க அண்ணனுக்குக் கோவம் வருது. அதான் அந்தக் கதையோட பவர்" என்றார். யாரோ என் தோளிலும் ஒரு பொன்னாடை போட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். அதைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

ஊரப்பாக்கத்தில் இறங்கி ஓவியர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே கேட்டார். தொகுப்பில் தன் பேர் இருக்கிறதா என்று கேட்கவில்லை. புதுப் பதிப்பில் அட்டை எப்படி என்றும் கேட்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"கோமதி பேர யாராச்சும் சொன்னாங்களாண்ணா?"

பேசின நாலு பேரும் சொல்லவில்லை, கதாசிரியரும் சொல்லவில்லை, நான் மட்டும்தான் சொன்னேன், மைக்கைப் பிடுங்கிச் சொன்னேன் என்றேன்.

"போதும்ணா," என்றார்.

அவருக்குப் போதும். எனக்குப் போதாது.